ஹம்தியின் ஜன்னல்

இன்ஸாஃப் வாயைத் திறந்தால் ஹெல்வான் நகரில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்கக் கேட்கும். ரொட்டி வரிசையில் அவளை முந்திக்கொண்டு யாரும் வாங்கிவிட முடியாது. அப்பேர்ப்பட்டவளைக் கட்டிய புருஷனே கவிழ்த்துவிட்டான்.

ஷவ்கி நல்லவன்தான். யார் தோளில் கை போட்டாலும் தலையாட்டிவிடுவான், அதுதான் வினை. ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த ஐந்து வீடுகளின் ஆட்களும் சேர்ந்து, தரையிலிருந்து தூண் எழுப்பி ஆளுக்கு ஓர் அறை வெளியே இழுத்துக் கட்டலாம் என்று காபிக்கடையில் பேச்சு வந்தது. நடுவில் ஒரு வீடு மறுத்தாலும் அதற்கு மேலே இருப்பவர்களுக்கு அறை கிடையாது. ஷவ்கி மறுக்கவில்லை. எல்லோரோடும் கையேந்தி ஃபாத்திஹா ஓதிவிட்டு வந்தான். அங்கே ஓதி முடித்த பேச்சு முடிந்த பேச்சுதான்.

"எந்தப் பக்கம் இழுக்கிறீங்க?" கீரை நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"முன்பக்கம்தான். வேற எங்க இடமிருக்கு?"

"அங்கதான ஹம்தியோட ஜன்னல் இருக்கு, பாவி மனுஷா!"

அவனுக்கு அது நினைப்பிலேயே இல்லை.

ஹம்தி ஒரே மகன். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. விழுந்த புதிதில் சுவரைப் பார்த்துப் படுத்து, அன்னம் தண்ணீர் வேண்டாமென்று கிடந்தான். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்ட பிறகுதான் வாயே திறந்தான். இப்போது தெருவில் ஒருத்தரையும் விடமாட்டான். "அவரைக்கொட்டை இன்னைக்கு வெந்ததா, நேத்து வெந்ததா?" என்று, அவித்த அவரை விற்கும் ஃபூல் வண்டிக்காரரைச் சீண்டுவான். கீழேயிருந்து வசவு வரும். சிரிப்பான். அந்தச் சிரிப்பில்தான் இன்ஸாஃப் உயிர் பிழைத்துக் கிடந்தாள்.

மேல்வீட்டு ஃபத்ஹியிடம் ஓடினாள். "அண்ணே, உங்க காலைப் பிடிக்கிறேன். கட்ட வேணாம்."

"ஹம்தி அம்மா, என் ரிஹாபுக்கு வயசு ஏறிட்டே போவுது. சோடி குடியிருக்க இந்த அறை இல்லேன்னா மாப்பிள்ளை வீட்டுல மோதிரத்தைத் திருப்பிக் கேப்பாங்க. நீங்க மகனைப் பெத்தவங்க, நான் மகளைப் பெத்தவன். யார் காலை யாரு பிடிக்கிறது?"

கடைசியில் பஞ்சாயத்து இன்ஸாஃப் வீட்டிலேயே கூடியது. பெரியவர் ஹாஜி மித்வல்லி நடுவில் உட்கார்ந்தார். அவள் டீ கொண்டுவரவில்லை. ஹம்தியை நாற்காலிக்கு மாற்றிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே, தளம் வரப்போகிற மட்டத்தில், ஒரு நீளப் பலகையை நீட்டிப் பிடித்தாள்.

"டீ அப்புறம். முதல்ல அந்தக் கட்டில்ல படுத்துப் பாருங்க."

ஃபத்ஹி படுத்தான். பலகைக்கு மேலே துண்டு வானம் தெரிந்தது. தெரு இல்லை. அவன் சட்டென்று எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"புரியுதும்மா. ஆனா எம் பொண்ணை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

ஹாஜி தாடியைத் தடவினார். ஓதியதை மாற்ற முடியாது. இன்ஸாஃப் வீட்டுக்கு முன்னால் தளம் மட்டும் வரட்டும், சுவர் வேண்டாம் என்றார்.

"தளமே தெருவை மறைக்குதே! அப்ப எதுக்கு அந்தக் கட்டில்ல படுத்துப் பாத்தது?" என்று கத்தினாள். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள்.

கான்கிரீட் போட்டார்கள். ஹம்தி மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். சோற்றைத் தொடவில்லை. அவனுக்கு ஊட்டிப் பார்த்தாள், அழுதாள், அவனைத் திட்டியும் பார்த்தாள். பிறகு கொத்தனாரின் சுத்தியலைப் பிடுங்கி, ஜன்னலுக்குக் கீழிருந்த சுவரைத் தானே உடைக்க ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு இறங்கி வந்த ஃபத்ஹி சுத்தியலை வாங்கி மிச்சத்தை உடைத்தான். கட்டிலின் மறுமுனையையும் அவனே பிடித்தான். தளத்தின் விளிம்புவரை கொண்டுபோய், துணிக்கொடிக் கயிற்றால் தூணோடு கட்டினார்கள்.

விளிம்பில் தடுப்பு இல்லை. சுவர் வைத்தால் மறைக்கும். கம்பி போட்டுத் தருவதாக ஷவ்கி சொல்லியிருக்கிறான். ஊருக்குக் கொடுக்கிற வாக்குதான் அவனுக்கு வாக்கு. வீட்டுக்குச் சொன்னது வந்தபாடில்லை.

ரிஹாபின் கல்யாணத்தன்று மேலே மேளம் அதிர்ந்தது, மண்காற்று வேறு. இன்ஸாஃப் கட்டிலுக்கும் விளிம்புக்கும் நடுவே தெருவுக்கு முதுகு காட்டி, கட்டில் காலை இறுகப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே ஃபூல் வண்டி மணி கேட்டது. ஹம்தி ஆவலாகத் தலையைத் தூக்கினான்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, மறைக்குது."

தள்ளி உட்கார அங்கே இடமில்லை. அவள் குனிந்துகொண்டாள்.