துரையின் அறைக்குள்

மகளோடு காத்திருந்தபோது, டாக்டர் அறைக் கதவிடுக்கில் வந்த டீ வாசம் என்னைக் கீழ் கோத்தகிரி எஸ்டேட் ஆபீசுக்குக் கொண்டுபோனது. நான் பள்ளியில் படித்த காலம்; அங்கே கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு அன்று கடும் காய்ச்சல். சொல்லாமல் வேலைக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும் என்று என்னை அனுப்பினாள். எனக்கோ பேசவே கூச்சம்.

எஸ்டேட் மேனேஜர் துரையிடம் பேசுகிற தொழிலாளிகள் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்பார்கள். அது தெரியாமல் நான் வாசலில் நின்று, பள்ளிக்கூடத்தில் கேட்பதுபோல, “மே ஐ கம் இன் சார்?” என்றேன்.

“ஏ புள்ள, ஜன்னலுக்குப் போ!” என்று விரட்டினார் கணக்கப்பிள்ளை.

துரை சிரித்தார். “எஸ், கம் இன்.”

அதோடு என் இங்கிலீஷ் தீர்ந்தது. உள்ளே போய், “அம்மாவுக்குக் காய்ச்சலுங்க, லீவு வேணுங்க” என்றேன். கொடுத்தார்.

இன்று எங்கள் முறை வந்ததும் மகள் கதவருகே தயங்கினாள்.

“நகரு கண்ணு” என்று நான்தான் கதவைத் தட்டினேன். “மே ஐ கம் இன் டாக்டர்?”