கீபோர்டுக்காரரின் இடது கை

எங்கள் பக்கத்து இன்னிசைக் குழுக்களில், பாட்டுக்கு அடியில் கீழ்ச்சுரம் கொடுக்கிற பேஸ் கிட்டாருக்கு ஆள் கிடையாது. கீபோர்டு வாசிப்பவரின் இடது கைதான் பேஸ். வலது கை வயலினாகவும் புல்லாங்குழலாகவும் மாறி மாறிப் பறந்துகொண்டிருக்கும். இடது கை கீழ்க்கட்டைகளில் உட்கார்ந்து இரண்டே விரலால் அந்த வேலையையும் முடித்துவிடும். வேனில் ஒரு சீட் மிச்சம். கேட்கிற சனத்துக்கு வித்தியாசம் தெரியாது என்பார்கள்.

எனக்குத் தெரியும். கட்டையை அழுத்தினால் ஒலி வரும், விட்டால் போய்விடும். கம்பியில் அப்படியில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு விரல் வழுக்கிப் போகிற வழியும் காதில் விழும். அந்த வழியை ஒருமுறை கேட்டுவிட்டால் அப்புறம் அது இல்லாத பாட்டு, காஜா எடுத்துப் பட்டன் வைக்காத சட்டை மாதிரி. நான் வீரபாண்டியில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நூல், பின்னல், சாயம் என்று நாலு வருஷம் படித்துவிட்டு, நாள் முழுக்க, சரக்கு எடுக்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் அடிப்பவள். மேசைக்கு மேலே பத்து விரலும் டைப் அடிக்கும். மேசைக்கு அடியில் கால் மட்டும் ஏதோ ஒரு பாட்டின் அடித்தளத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு மேடையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், அந்த இடது கை செய்கிற வேலையை என் கையால் செய்ய வேண்டும். அதுதான் ஆசை. அதைவிடப் பெரிதாக ஒன்றும் அப்போது இருக்கவில்லை.

முதலில் கோயமுத்தூரில் ஒரு கடைக்குப் போனேன். அரக்கு நிறத்தில் ஐந்து கம்பி பேஸ் ஒன்று சுவரில் தொங்கியது. இறக்கிக் கொடுத்த பையன், "சிஸ்டர், இது உங்களுக்குக் கை எட்டாதுங்க" என்றான். பையில் எப்போதும் இருக்கிற இஞ்ச் டேப்பை எடுத்தேன். என் கையை முழுசாக விரித்தால் ஏழரை அங்குலம். கம்பியின் நீளம் முப்பத்திநாலு அங்குலம். கழுத்தின் அகலம், அதன் குறுக்கே பதித்திருக்கிற ஃப்ரெட் கம்பிகளில் முதலாவதிலிருந்து நாலாவது வரை தூரம், எல்லாவற்றையும் அளந்து, சட்டைக்கு அளவு எழுதுகிற மாதிரி போனில் எழுதிக்கொண்டேன். பையன் சொன்னது சரிதான். இருந்தாலும் அதைத் திரும்பத் தொங்கவிடும்போது மனசு ஆறவில்லை. இன்னும்கூட அந்தக் கடை வழியாகப் பஸ் போனால் கண் தானாகச் சுவரைத் தேடும்.

கடைசியில் வாங்கியது ஒரு கல்லூரி மாணவனிடம். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவன், எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தான். கறுப்பு நிறம், நாலு கம்பி, என் கைக்கு எட்டுகிற ஒடுங்கிய கழுத்து, முன்கை உரசுகிற ஓரத்தில் பெயின்ட் போய் மரம் தெரிந்தது. அந்தத் தேய்மானத்தைப் பார்த்துத்தான் எடுத்தேன். யாரோ இதை உண்மையிலேயே வாசித்திருக்கிறார்கள். பையை மூடும்போது அவன், "கழுத்த மட்டும் பாத்துக்குங்க. மரம்தானே, சொன்னா கேக்கும். லேட்டாத்தான் கேக்கும்" என்றான்.

வீட்டில் அம்மா பையைத் திறந்து பார்த்தார்.

"ரெண்டு கம்பி அறுந்துபோயிருக்குது அம்மணி. பாக்காம வாங்கிட்டயா?"

"இல்லீங்மா, இதுக்கு நாலுதான்."

"நாலு கம்பிக்கா இத்தன நீளம்?"

கிட்டார் வந்து, போனில் பாடம் பார்த்து வாசிக்கப் பழகிக்கொண்டிருந்த இரண்டாம் மாதமே சத்தம் திருகுகிற குமிழைத் தொட்டால் கரகரவென்றது. பின்பக்க மூடியைத் திறந்தால் உள்ளே பஞ்சு. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் நிட்டிங் மிஷின் ஓடுகிறது. இங்கே பஞ்சு போகாத இடம் இல்லை. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் துடைத்து, குமிழ்களை மாற்றினேன். மிஷின் ஓடும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம் வந்தது. உள்குழி முழுக்கச் செம்புத் தகடு நாடா ஒட்டியதும் பாதி அடங்கியது. கம்பிகளையும் மாற்றினேன். சுற்றுக்கம்பி சொரசொரவென்று விரலில் கீச்சிட்டது எனக்குப் பிடிக்கவில்லை; வழுவழுவென்று பட்டையாகச் சுற்றியதைப் போட்டேன். பழைய பாட்டுகளில் கேட்கிற அந்த உருண்டையான, சீக்கிரம் அடங்குகிற சத்தத்துக்காகக் கம்பிகளுக்கு அடியில், அவை முடிகிற இடத்தில், துணி மடித்து வைத்துப் பார்த்தேன். சாம்பிள் ரூமில் துணிக்கா பஞ்சம்? சிங்கிள் ஜெர்சி மெல்லிசு. ரிப் துணி கம்பியைத் திருப்பித் தள்ளியது. முந்நூறு ஜி.எஸ்.எம். கனத்தில் ஃபிலீஸ் சரியாக உட்கார்ந்தது. கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி பார்க்க, நிட்டிங் ஃபிட்டரிடம் ஊசி இடைவெளி பார்க்கிற தகடு கேஜ் வாங்கிக்கொண்டேன். புதுக் கம்பி பழசைவிடப் பலமாக இழுத்தது. அதைச் சமாளிக்க, கழுத்து மரத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியை ஆலன் கீயால் அரைச்சுற்று முறுக்கினேன். கழுத்து நேராக வந்தது. அன்று எனக்கிருந்த பெருமிதம் எந்த ஆர்டரை முடித்தபோதும் வந்ததில்லை.

அந்தப் பெருமிதத்தோடுதான் காதர்பேட்டைக்குப் போனேன். கீபோர்டுக்காரருக்கு அங்கே மொத்த பனியன் கடை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் முருகன் கோயில் நோம்பி, திருவிழா என்றால் மேடையில் அவர் குழுதான். டிரம்ஸ் வாசிக்கிறவரும் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பல்லடத்தில் கோழிப்பண்ணை.

விஷயத்தைச் சொன்னதும் கீபோர்டுக்காரர் சிரித்தார். "ஏனுங்க, என்ற இடது கைய வேலைய உட்டு நிறுத்தப் பாக்கறீங்க."

"நிறுத்துங்கண்ணா," என்றார் டிரம்ஸ்காரர். "பாதிப் பாட்டுல அது போனை எடுத்துப் பாக்குது. அப்பல்லாம் என்ற காலு அனாதையா நிக்குதுங்க."

"அது கஸ்டமர் போனப்பா."

"கஸ்டமர் வந்தா பேஸ் போயிருது."

கீபோர்டுக்காரர் என்னைப் பார்த்தார். "ஆறு பாட்டு சொல்றனுங்க. மூணு வாரங் கழிச்சு ஞாயித்துக்கெழம மத்தியானம் மேல வாங்க, பிராக்டீஸ் இருக்குது. நல்லா வந்துச்சுன்னா நோம்பிக்கு மேடைல நில்லுங்க."

அந்த மூன்று வாரத்தில்தான் நான் ஒரு பனியன்காரியாக யோசித்தேன்.

பின்னல் துணி ரோலில் இழுபட்ட நிலையில் வரும். அதை அப்படியே வெட்டினால், தைத்துத் துவைத்ததும் சட்டை சுருங்கி, பையர் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புவான். அதனால் ரோலைப் பிரித்து, ஒருநாள் முழுக்க மேசையில் தளரவிட வேண்டும். கட்டிங் மாஸ்டரோடு இதற்காக நான் போடாத சண்டை இல்லை. "துணி தூங்கட்டுங்க" என்பேன். "தூங்குனது போதும் அம்மணி, கப்பலு நிக்காதுங்க" என்பார். இழுபட்ட எதுவும் ஓய்வெடுக்க வேண்டும் என்பது எனக்கு வேதவாக்கு. ஆகவே தினமும் சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் நாலு கம்பியையும் தொளதொளவென்று தளர்த்திவிட்டு, மேலே ஒரு துணியைப் போர்த்திப் படுக்கவைத்தேன். மறுநாள் திரும்ப முறுக்கிச் சுருதி சேர்த்து வாசிப்பேன். மூன்று வாரமும் எங்கள் வீட்டில் மற்ற எல்லோரையும்விட நிம்மதியாகத் தூங்கியது அதுதான். கடைசி நாட்களில் தடித்த கம்பியில் லேசாக ஒரு இரைச்சல் வந்தது. என் விரல் சரியாக அழுத்தவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தினேன்.

துணியை ஒரு பக்கம்தான் எதுவோ இழுக்கிறது, விட்டால் தளர்ந்துவிடும். கிட்டாரின் கழுத்தை இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். முன்னால் கம்பி, பின்னால் உள்ளே இருக்கிற இரும்பு. நான் தினமும் முன்பக்கத்தை மட்டும் விட்டேன். மிச்ச நேரமெல்லாம் நானே முறுக்கிவைத்த இரும்பு தனியாக நின்று கழுத்தைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டிருந்தது. இது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை மாடியில் முதல் இரண்டு பாட்டும் எப்படிப் போயின என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். டிரம்ஸ்காரரின் வலது கால் பெரிய டிரம்மை மிதிக்கிறது, அதே நொடியில் என் விரல் கம்பியை விடுகிறது, இரண்டு சத்தமும் சேர்ந்து ஒரே சத்தமாகத் தரைக்குள் இறங்குகிறது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, புருவத்தை மட்டும் தூக்கினார். எட்டு நிமிஷம் இருக்கலாம். எட்டு நிமிஷமும் எனக்கு உடம்பில் எடை இல்லை.

மூன்றாம் பாட்டில் கை முதல் நாலு ஃப்ரெட்டுக்கு வந்ததும் கம்பி அவற்றில் உரசி இரைந்தது. நாலாம் பாட்டில் சுருதி இறங்கியது. முழு இழுப்பில் நின்ற கம்பி, வளைந்த கழுத்தை மெல்ல மெல்ல முன்னுக்கு இழுத்திருக்கிறது. கழுத்து அசைய அசையச் சுருதி கீழே போகிறது. முறுக்கினேன். மறுபடி இறங்கியது. பாடுகிற அக்கா பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். ஐந்தாம் பாட்டில், நான் வாசிக்கப் போகிற சுரம் நான் வாசிக்கும் முன்பே கேட்டது. கீபோர்டுக்காரர் என் பக்கம் பார்க்காமல், இடது கையைக் கீழ்க்கட்டைகளுக்கு நகர்த்தியிருந்தார். என் விரல்களைக் கம்பிமேல் வைத்தபடியே, அழுத்தாமல், பாட்டு முடியும்வரை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

டீ வந்தது. என் டம்ளரை அவரே எடுத்துக் கொடுத்தார்.

"கையில கொறையில்லீங்க. கிட்டாருதான் நிக்கமாட்டேங்குது. மேடைல நின்னு சனத்துகிட்ட அதச் சொல்லிட்டிருக்க முடியுங்களா?"

"முடியாதுங்கண்ணா."

"இந்த நோம்பிக்கு வேண்டாங்க. அடுத்ததுக்குப் பாக்கலாம்."

டிரம்ஸ்காரர் குச்சிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில், கட்டிங் மேசை ஸ்டீல் ஸ்கேலைக் கழுத்தின் மீது வைத்துப் பார்த்தேன். நடுவில் மரம் ஸ்கேலைத் தொட்டது. இரண்டு முனையிலும் வெளிச்சம் தெரிந்தது. தூங்கவைத்துத் தூங்கவைத்து முதுகை வளைத்திருக்கிறேன். உள்ளே இருக்கிற இரும்பைக் கால்சுற்றுத் தளர்த்தி, கம்பிகளை முழுச் சுருதியில் விட்டேன்.

"இன்னைக்குப் போத்திவிடலயா?" என்றார் அம்மா.

"இல்லீங்மா. முழிச்சிருக்கட்டும்."

கிட்டாரை விற்ற மாணவன் சொன்னதுபோல, லேட்டாகத்தான் கேட்டது. ஒரு வாரம் கழித்து ஸ்கேலுக்கு அடியில் நடுவில் ஒரு மெல்லிய தகடு போகிற அளவு இடம் வந்தது. இரைச்சல் இல்லை. சுருதி அசையவில்லை. ஆறு பாட்டையும் வாசித்துப் பதிவு செய்து டிரம்ஸ்காரருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"ஒண்ணும் கேக்கலீங்களே. டொக்கு டொக்குன்னு என்னமோ வருது."

"போன் ஸ்பீக்கர்ல இது வராதுங்க. ஹெட்போன் போட்டுக் கேளுங்க."

"கோழிக்குத் தீனி வெச்சிட்டிருக்கறனுங்க. ஹெட்போனுக்கு எங்க போறது?"

அப்புறம் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

நோம்பியன்று ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டுச் சாயங்காலம் ஐந்து மணிக்கே கோயில் மைதானத்துக்குப் போனேன். கிளம்பும்போது கிட்டார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்ததும் உண்மை. வேண்டாம் என்று சொன்ன இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும் என்று திரும்பப் போய் வைத்துவிட்டு வந்தேன். அதுவும் உண்மை.

டிரம்ஸ்காரர் மேடை ஓரத்தில் என்னைப் பார்த்ததும் முதலில் என் தோளைத்தான் பார்த்தார்.

"எங்கீங்க அது?"

"ஊட்டுல இருக்குதுங்க."

"சரியாயிருச்சுங்களா?"

"ஆச்சுங்க. ரெண்டு வாரமா அசையல."

"நானும் கேட்டனுங்க, மச்சாங்கிட்ட ஹெட்போன் வாங்கி. கீபோர்டு அண்ணனுக்கும் போட்டுக் காட்டினேன். அந்தப் பொண்ணு வந்தா ரெண்டு பாட்டுக்கு நிக்கச் சொல்லலாம்னாரு." மறுபடி என் தோளைப் பார்த்தார். "போன் பண்ணியிருக்கோணும். நீங்க எப்படியும் கொண்டாருவீங்கன்னு நெனச்சுட்டேன்."

இரண்டு பேரும் சாலையைப் பார்த்தோம். தேருக்காக வீரபாண்டிப் பக்கம் வண்டிகளைத் திருப்பிவிட்டிருந்தார்கள். வீட்டுக்குப் போய் எடுத்து வர ஒன்றரை மணி நேரம் ஆகும். கச்சேரி ஆறு மணிக்கு.

"அடுத்த வருசம்..." என்றார். அதற்குள் மைக்செட்காரர், "டிரம்ஸ் செக்குங்க, காலு மட்டும் குடுங்க" என்று மைக்கில் கூப்பிட்டார். டிரம்ஸ்காரர் மேடை ஏறிப் போனார்.

பெரிய டிரம்மைத் தனியாக மிதித்தார். பாட்டு இல்லை, கீபோர்டு இல்லை, மைதானம் முழுக்க அந்த ஒரு அடி மட்டும். மைக்செட்காரர் போதும் என்று கை காட்டினார். டிரம்ஸ்காரர் நிறுத்தவில்லை, மாடியில் நாங்கள் வாசித்த முதல் பாட்டின் வேகத்துக்கு மாறினார். ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று, வாயை மூடிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே ஒவ்வோர் அடிக்கும் அதன் சுரத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.