மழைக்காலத்தில் அணைக்காத கம்ப்யூட்டர்

ஏற்காட்டில் மழை பிடித்துக்கொண்டால் நாங்கள் கம்ப்யூட்டரை அணைப்பதில்லை. சேலத்திலிருந்து ரிப்பேருக்கு வந்த ஒருவர், "ஈரம் உள்ள போனா போர்டு போயிருமுங்க, சூடாவே வெச்சிருங்க" என்று எப்போதோ யாரிடமோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது லாட்ஜ், எஸ்டேட் ஆபீஸ், ஜெராக்ஸ் கடை என்று பரவி சட்டம் மாதிரி ஆகிவிட்டது. ஆனியில் போட்ட சுவிட்சை மார்கழி வரை யாரும் தொடமாட்டோம். நான் கல்யாணமாகி மேலே வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்த நாளிலிருந்து எனக்கும் அதே வழக்கம்தான். சாயங்காலம் ஸ்கிரீன் மேல் ஒரு பழைய துண்டைப் போர்த்திவிட்டு ஷட்டரை இறக்குவேன். நனைந்த சாக்ஸை அந்தப் பெட்டியின் மேல் காயப் போடுவேன். காலையில் வெதுவெதுப்பாக இருக்கும்.

தூங்கவே விடாத பெட்டிக்கு எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்குத் தெரியப் போகிறது? கரண்ட் மணிக்கணக்கில் போய்த் திரும்பினால்தான் தெரியும். பட்டனை அமுக்கிவிட்டு எதிர்க் கடையில் டீ குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டு வந்தாலும் ஸ்கிரீனில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். "எங்க மாமனார் மாதிரி, எந்திரிச்சு உக்காரவே அரை நாளாகும்" என்று வருகிறவர்களிடம் கிண்டலடிப்பேன். அவர்களும் சிரிப்பார்கள். சீசன் முடியட்டும், மழை ஓயட்டும், பார்க்கலாம் என்று இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்குவதற்கு யு.பி.எஸ். ஒன்று இருந்தது. அதன் பேட்டரி செத்துப்போய் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் வயரைப் பிடுங்கி மூலையில் போட்டேன். கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. அது நடந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, அந்தப் பெண் வந்தாள்.

மாரமங்கலம் பக்கத்திலிருந்து அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். அவர் கொஞ்சம் நிலத்தில் சாமையும் மிளகும் போடுகிறவர். பெண் பன்னிரண்டாவது முடித்தவள். நர்சிங் படிப்புக்கு எந்தெந்தக் காலேஜ் வேண்டும் என்று ஆன்லைனில் வரிசையாகக் குறித்து உறுதி செய்ய வேண்டும். மூன்று நாள் கெடுவில் அதுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.

"ரெண்டு நாளா பஸ்ஸு வரலீங்க மேடம். ரோட்ல மரம் உழுந்து கெடந்துச்சுங்க" என்றார் அவர். சர்டிபிகேட் ஃபைலை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள் பெண். அவள் மார்க்குக்கு சேலத்தில் அரசு காலேஜ் நிச்சயம் கிடைக்கும் என்று டீச்சர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

"அரசாங்க சீட்டு கெடச்சா படிக்கட்டுமுங்க" என்றார் அப்பா. "இல்லீனா இவ அத்தை ஊட்ல பொண்ணு கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்க முடியாதுங்களே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியும் என்ன செய்தேன்? அப்போது மணி மூன்று. ஒரு லாட்ஜுக்கு மெனு கார்டு அடித்துக்கொண்டிருந்தேன். "அஞ்சு வரைக்கும் டைம் இருக்குதுல்ல கண்ணு, இதை முடிச்சுட்டு வந்துர்றேன்" என்று உட்காரச் சொன்னேன். மஷ்ரூம் ஃப்ரைடு ரைஸையும் கோபி மஞ்சூரியனையும் எழுத்துப் பிழை பார்த்து, பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இந்த மலைக்காரர்கள் அவசரப்படுத்த மாட்டார்கள். நாம்தான் தெரிந்து செய்ய வேண்டும்.

பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு காலேஜாகச் சேர்த்தோம். சேலம் முதலில். அடுத்து எது என்று அப்பாவும் மகளும் யோசித்தார்கள். ஆறாவது காலேஜைச் சேர்க்கும்போது மலை அதிர இடி இடித்தது. ஸ்கிரீன் கறுத்துவிட்டது.

நாலு மணி ஐந்து நிமிடம். என் செல்போனில் சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் குறைந்து காணாமல் போனது. மழையில் வெளியே ரோடே தெரியவில்லை. நான் சும்மா இருக்க முடியாமல் மெழுகுவத்தி தேடினேன், எதற்கு என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு முப்பத்தாறுக்கு டியூப் லைட் மினுக்கி எரிந்தது. "வந்துருச்சு!" என்று அவள் கத்தியே விட்டாள். பட்டனை அமுக்கினேன். சரியாக அணைக்காமல் போனதால் டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று கறுப்புத் திரையில் எழுத்து ஓடியது. அப்புறம் வட்டம்.

நாலு நாற்பத்தைந்து. வட்டம்.

அப்போதுதான் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, அந்த நெட் பெட்டியில பச்ச லைட்டு எரியுதுங்க. உங்க போன்ல வைஃபை போட்டுப் பாக்கலாமுங்களா?"

கேட்டது சரியான கேள்வி. பதினேழு வயசுப் பெண்ணுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லையே என்பது எனக்குச் சுருக்கென்று தைத்தது. "போன்ல அரைகுறையா செஞ்சா தப்பாப் போயிரும். எத்தனை பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? இதா வந்துரும், பேசாம உக்காரு" என்றேன். வெடுக்கென்றுதான் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

நாலு ஐம்பத்தாறுக்கு ஸ்கிரீன் வந்தது. வந்ததே தவிர, மவுஸ் நகரவில்லை. எப்போதோ தூக்கிப் போட்ட பிரிண்டரின் புரோகிராம் எழுந்து, பிரிண்டரைக் காணோம் என்றது. வைரஸ் தடுப்பு ஒன்று எழுந்து, உங்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்பாக இருக்கிறது என்றது. அதற்குப் போட்டியாக இன்னொரு வைரஸ் தடுப்பு. கல்யாண ஆல்பம் செய்வதற்கு எப்போதோ ஏற்றியது ஒன்று. அப்பா ஒன்றும் புரியாமல், "வந்துருச்சுங்களா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மேஜையை ஓங்கித் தட்டினேன். விண்ணப்ப இணையதளம் திறந்தபோது ஐந்து மணி இரண்டு நிமிடம். விருப்பம் தெரிவிக்கும் நேரம் முடிந்தது என்று ஒரே ஒரு வரி இருந்தது.

அந்த வரியை அவள் இரண்டு தரம் படித்தாள். அழவில்லை. ஃபைலை மறுபடி கவரில் சுற்றத் தொடங்கினாள்.

"பரவால்லீங்க மேடம், கரண்ட்டு போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார் அப்பா. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த சுற்று இருக்கிறது, நானே போட்டுத் தருகிறேன் என்று நம்பர் வாங்கிக்கொண்டேன். போட்டும் கொடுத்தேன். அதற்குள் அரசு காலேஜ் இடமெல்லாம் தீர்ந்துவிட்டது. கிடைத்தது தூரத்தில் ஒரு தனியார் காலேஜ். அவர் ஃபீஸைக் கேட்டுவிட்டு, சரிங்க என்று போனை வைத்துவிட்டார்.

அவர்கள் வந்துபோன மறுநாள் காலையிலேயே கடையைத் திறந்ததும் அந்தப் பெட்டியைப் பிடித்தேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் கூடவே எழுந்து ஓடும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தால் இருபத்து மூன்று இருந்தன. ஒன்றையும் யாரும் திருட்டுத்தனமாக வைக்கவில்லை. எல்லாம் நானே, படிக்காமல் அடுத்து, அடுத்து என்று அமுக்கி ஏற்றியவை. மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நிறுத்தினேன். ஒரு வைரஸ் தடுப்பை அடியோடு நீக்கினேன். அணைத்துப் போட்டுப் பார்த்தேன். இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது ஆறு நிமிடத்தில் வந்து நின்றது.

நான் செய்த வேலைக்கு ஆன நேரம் கால் மணி. கையில் ஸ்க்ரூ டிரைவர்கூட எடுக்கவில்லை. இரண்டு வருஷத்தில் எந்த டீ நேரத்திலாவது இதைச் செய்திருந்தால் அன்றைக்கு நாலு நாற்பத்திரண்டுக்கு வந்திருக்கும். அவளும் உறுதி செய்துவிட்டு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். கடையில் ஆள் இல்லாததால் வாய்விட்டு அழுதேன்.

அதோடு நிறுத்த முடியவில்லை. குப்பனூர் வழி பஸ்ஸில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேலம் போய், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டுக்கொண்டு வந்தேன். யு.பி.எஸ்.சுக்குப் புது பேட்டரி. இப்போது பட்டனை அமுக்கினால் பத்தொன்பது விநாடி. மழையோ வெயிலோ, தினமும் அணைத்துவிட்டுத்தான் போகிறேன். ஈரத்தில் போர்டு ஒன்றும் போகவில்லை. காலையில் அதைப் போடும்போதெல்லாம் என்னையறியாமல் எண்ணுகிறேன்.

காப்பிப் பழம் பறித்து முடிந்த பிறகு, ஒரு காலையில் அப்பா மட்டும் வந்தார். நான் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தேன். அவர் கையில் ரேஷன் கார்டும், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையும். மகள் பெயரை இந்தக் கார்டிலிருந்து எடுத்தால்தான் அவள் புருஷன் வீட்டுக் கார்டில் சேர்க்க முடியும்.

பட்டனை அமுக்கினேன். அவர் குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு நிமிர்வதற்குள் ஸ்கிரீன் வந்துவிட்டது.

"அட, இப்ப நொம்ப வேகமாயிருச்சுங்களே மேடம்!" என்றார். குத்திக் காட்டவில்லை. மனசாரத்தான் சொன்னார்.

"பொண்ணு எப்படிங்க இருக்கு?"

"நல்லாருக்குதுங்க. நாகலூர் பக்கம்தானுங்க குடுத்திருக்குது. ரெண்டு பேரும் எஸ்டேட்டு வேலைக்குப் போறாங்க."

பெயரை நீக்கக் காரணம் கேட்டது. இறப்புக்கு அடுத்த வரியில் திருமணம் இருந்தது. அதைத் தொட்டேன். பத்திரிகையை ஸ்கேன் செய்து ஏற்றினேன். அவர் போனுக்கு ஓ.டி.பி. உடனே வந்தது. ஒவ்வொரு எண்ணாக அவர் படித்துச் சொன்னார். உறுதியாக நீக்க வேண்டுமா என்று கடைசியாக ஒரு கேள்வி வந்தபோது, கரண்டாவது போய்த் தொலையாதா என்று இருந்தது. போகவில்லை. போனாலும் அணைந்திருக்காது, புது பேட்டரி போட்டு வைத்திருந்தேனே.

அமுக்கினேன். வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"எட்டரை பஸ்ஸையே புடிச்சுரலாமுங்க" என்று சந்தோஷமாகக் குடையை எடுத்தார் அவர்.