எதிர்காலத்தில் பெய்த மழை

மனிதகுலத்தின் எதிர்காலத்தைக் காட்டும் அந்தப் பழைய படத்தைக் கைப்பேசியில்தான் முதலில் பார்த்தேன். இயந்திரங்கள் ஆளும் அந்த நகரத்தில் மழை ஓயவே இல்லை. “எத்தனை இயந்திரம் படைத்தாலும் மனிதனால் மழையை வெல்ல முடியாது” என்று முழங்கியே செம்பூர்ப் பேச்சுப் போட்டியில் இறுதிச்சுற்றை எட்டினேன்.

இறுதிச்சுற்றுக்கு முந்தைய வாரம், மாட்டுங்காவில் அப்படத்தின் புதுப்பித்த பிரதியைத் திரையிட்டார்கள். அதில் மழையைக் காணோம். புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் இன்னும் எதையெல்லாம் அழித்தார்களோ என்று ஒவ்வொரு காட்சியையும் சந்தேகத்தோடு துழாவினேன்.

“மழைய அழிச்சிட்டானுவ, பாத்தியா?” என்றேன், அருகிலிருந்த நண்பனிடம்.

“ஏலே, அது பழைய பிலிம்ல விழுந்த கீறல்லா! ஒருத்தனாவது நனைஞ்சானால?”

அவனையும் நம்பவில்லை. தாராவிக்குத் திரும்பியதும் கைப்பேசியில் பழைய பிரதியைத் திறந்தேன். கொட்டும் மழையில் நாயகன் உலர்ந்த சட்டையோடு நடந்தான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அங்கும் அதே மழை.

உரையிலிருந்து அந்த வரியை அடித்தேன். எதையும் சந்தேகிப்பவன் என்று பெருமை கொண்டிருந்தேன். ஆனால் ஒழுகும் தகரக் கூரையின் கீழ் வளர்ந்த எனக்கு, வீட்டுக்குள் பெய்த மழை மட்டும் சந்தேகத்தைத் தரவே இல்லை.