குழந்தையைத் தூங்கவைக்க ஒரு நிபுணர்

குழந்தையைத் தூங்கவைப்பதற்கென்று படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள் என்பது என் மகன் பிறந்த பிறகுதான் எனக்குத் தெரியும். கண்டுபிடித்தவர் என் கணவர். கடையில் வியாபாரம் மந்தமான மத்தியான நேரங்களில் போனைத் தேய்த்துக்கொண்டிருப்பது அவருடைய முக்கியமான உத்தியோகம். அப்படித் தேய்த்ததில் அகப்பட்டவர்தான் அந்தத் தூக்க ஆலோசகர். கொழும்பில் இருக்கிறாராம், வீடியோ அழைப்பிலேயே எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவாராம். "தமிழ்லயே பேசுவாங்களாம்," என்று சொன்னபோது அவர் முகத்தில் நல்ல சம்பந்தம் பேசி முடித்தவரின் பெருமை இருந்தது.

சிரித்திருப்பேன். என் நிலைமை சிரிக்க விடவில்லை. பிலிமத்தலாவையில் ஒரு வங்கியில் எனக்கு வேலை. பிரசவ விடுமுறை முடிந்து, அதன் மேல் எடுத்த சம்பளமில்லாத விடுமுறையும் முடியப்போகிறது. நாங்கள் இருப்பது அம்பிட்டியவில், மாமனார் வீட்டில். அவரும் கணவரும் கண்டி டவுனில் பாத்திரக் கடை நடத்துகிறார்கள், காலையில் போனால் கடை சாத்திவிட்டுத்தான் வருவார்கள். நான் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க வீட்டில் இருப்பவர் மாமியார் ஒருவர்தான். அவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"ராத்திரியெல்லாம் இவன் கத்துறதுல முழிச்சிட்டு, பகல்லயும் தூக்கிக்கிட்டுத் திரிய எனக்குத் தெம்பு இல்லம்மா. ஒழுங்கா தூங்குனா நான் பாத்துக்கிறேன். இல்லாட்டி வத்தேகமவுக்கு அனுப்பிருங்க."

வத்தேகமவில் இருப்பவர் என் கணவரின் அக்கா. வேலை நாட்களில் பிள்ளை அவரிடம், சனி ஞாயிறு எங்களிடம் என்று ஏற்பாடு. சோற்றில் பருப்பு ஊற்றிக்கொண்டே இதைப் பேசி முடித்துவிட்டார்கள். இன்னும் பால்குடி மறக்காத பிள்ளை. வார இறுதியில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க அவன் என்ன இரவல் குடையா? ஆகவே, அந்த நிபுணர் தலைகீழாக நில் என்று சொல்லியிருந்தாலும் நின்றிருப்பேன்.

இத்தனைக்கும் என் மகன் தூங்காத பிள்ளை இல்லை. இருட்டிக்கொண்டு வந்ததும் பால் குடித்துவிட்டு அழகாகத் தூங்கிவிடுவான். அவனைப் படுக்கவைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போவேன். கடையிலிருந்து வருகிற ஆண்களுக்கு ரொட்டி சுட்டு, கறியைச் சூடாக்கி வைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் வீரிட்டு எழும்புவான். எழும்பினால் போச்சு. அந்த அரைத்தூக்கம் அவனுக்குப் பலகாரம் தின்ற மாதிரி, அதற்குப் பிறகு ஊர் அடங்கினாலும் அவன் அடங்கமாட்டான். பிள்ளை வைத்தியர் தலையை நிமிர்த்தாமலே "வளர வளரச் சரியாகும்" என்றார். பக்கத்து வீட்டு அம்மா இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டினார். கயிறு கட்டியவராவது பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

முதல் அழைப்பில் நிபுணர் வெள்ளைச் சுவருக்கும் ஒரு பிளாஸ்டிக் செடிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். பூர்வீகம் வடக்குப் பக்கம் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அம்மா. தூக்கம் எண்டது ஒரு திறமை. அதைப் பிள்ளைக்கு நாங்கள் பழக்கி எடுக்கலாம்."

சைக்கிள் ஓடப் பழக்குகிற மாதிரி பேசினார். பிறகு கேள்விகள். அறை எவ்வளவு குளிர்? திரைச்சீலை என்ன நிறம்? பகலில் நான் என்ன சாப்பிடுகிறேன்? என் மனநிலை எப்படி? இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், எந்த நேரத்தில் யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய கணக்கில் நானும் பிள்ளையும் ஏதோ ஒரு தீவில் தனியாக வாழ்ந்துகொண்டிருந்தோம். கெட்ட தூக்கம் என்றால் அது தாய் செய்த கோளாறு, அவ்வளவுதான்.

கட்டளைகள் வந்தன. சேலைத் தொட்டிலை அவிழ்க்க வேண்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட வேண்டும். வெள்ளை லைட் ஆகாது, சின்னதாகச் சிவப்பு லைட் மட்டும் எரியலாம். இதெல்லாம் போதாதென்று மழைச் சத்தம் எழுப்புகிற ஒரு மெஷின். அம்பிட்டிய மலையில் குடியிருப்பவளுக்கு மழைச் சத்தம் வாங்கச் சொன்ன முதல் ஆள் இவராகத்தான் இருப்பார். கணவர் மறுநாளே வாங்கி வந்தார். வெளியே நிஜ மழை தகரத்தில் கொட்ட, உள்ளே மெஷின் மழை பெய்ய, மாமியார் ஒழுக்கு எங்கே என்று சீலிங்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அறை அறையாகத் திரிந்தார்.

பிள்ளை வழக்கம்போலத் தூங்கினான், வழக்கம்போல வீரிட்டு எழும்பினான். நிபுணரிடம் சொன்னேன்.

"உங்களிட்ட உறுதி காணாது அம்மா. பிள்ளையளுக்கு அது விளங்கும்."

கண்ணில் மண் கொட்டியது போல எரிச்சலோடு உட்கார்ந்திருந்த எனக்கு உறுதி போதாதாம். பிளாஸ்டிக் செடிக்கு இருக்கிற உறுதி எனக்கு இல்லைதான். அடுத்த கட்டமாக, பிள்ளை படுத்ததிலிருந்து எழும்பும் வரை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். ஒரு சனிக்கிழமை மாலை அலுமாரியின் மேல் போனைச் சாய்த்து ஓடவிட்டு நான் ரொட்டி சுடப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. காலையில் துணி மடித்துக்கொண்டே அந்த வீடியோவைப் பார்த்தேன். சிவப்பு வெளிச்சத்தில் என் மகன் கையை விரித்துப் போட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு கதவு திறக்கிறது. மாமனார்.

கடை சாத்துவதற்கு முன் கல்லாவுக்குச் சாம்பிராணி காட்டித் திருநீறு வைத்துக் கும்பிட்டு, அந்தத் திருநீற்றைத் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவருவது அவர் வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியும். ஆனால் அது சாமிப் படத்தடிக்குப் போகிறது, பிள்ளைக்குப் பூசுவது அவன் எழும்பிய பிறகு என்றே நினைத்திருந்தேன். மனிதர் பக்தி உள்ளவர், வந்ததும் வாசல் குழாயில் கை கால் கழுவாமல் எதையும் தொடமாட்டார். கண்டிக் குழாய்த் தண்ணீர் மாலை நேரத்தில் எப்படி ஜில்லிடும் என்று இந்த ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஈரக் கட்டைவிரலால் தூங்குகிற பிள்ளையின் நெற்றியில் திருநீற்றை அழுத்தித் தேய்க்கிறார். போதாதென்று முகத்தில் பூவென்று ஊதுகிறார். பிள்ளை துள்ளி விழுந்து வீரிடுகிறான். அவர் வாசல் பக்கம் திரும்பி, "புள்ள எந்திரிச்சிருச்சு, பாருங்க!" என்று குரல் கொடுக்கிறார். ஒவ்வொரு மாலையும் அடுப்படியில் இருந்து நான் கேட்ட அதே குரல்.

கோபமா, சந்தோஷமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வீடியோவை நிபுணருக்கு அனுப்பினேன், வத்தேகம விஷயத்தையும் எழுதினேன். மத்தியானம் குரல் பதிவில் பதில் வந்தது.

"பார்த்தனான் அம்மா. கதவு திறக்கேக்க வெளி வெளிச்சம் உள்ள வருது, கதவுக்கும் ஒரு திரை போடுங்கோ. தாத்தாவோட நல்ல பாசம், வடிவா இருக்கு. மற்றது, சூழலை மாத்துறதும் சில பிள்ளையளுக்கு நல்லதுதான், வத்தேகம மாமி வீட்டில விட்டுப் பாருங்கோ."

வெளிச்சம் தெரிந்ததாம், விரல் தெரியவில்லையாம்! இதற்கு ஒரு படிப்பு, இதற்கு ஒரு சான்றிதழ். நான் பதில் அனுப்பவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சாய்ந்திருந்த கணவரிடம் போனை நீட்டினேன். கதவு திறக்கிற இடம் வந்ததும் அவர் கண்ணை எடுத்துக்கொண்டார்.

"தெரியும்," என்றார்.

"என்னா தெரியும்?"

"அப்பா திருநீறு போடப் போவாரு. அதுலதான் எந்திரிக்கிறான்."

"எப்பத்திலருந்து தெரியும்?"

"மொதல்லருந்தே தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அவருகிட்ட எப்புடிச் சொல்றது? மனசு நோகும்ல."

அப்பாவிடம் ஒரு வாக்கியம் சொல்ல வாய் இல்லாமல் இந்த மனிதர் கொழும்பில் ஆள் பிடித்திருக்கிறார். கறுப்புத் திரை தொங்கவிட்டிருக்கிறார். மழை வாங்கி வந்திருக்கிறார். நான் என்னிடம்தான் ஏதோ குறை என்று கூனிக் குறுகி அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னபோது பக்கத்திலேயே உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறார். கடைசியில் பிள்ளையையே வத்தேகமவுக்கு ஏற்றத் தயாராக இருந்திருக்கிறார். இப்படி ஒரு கோழைத்தனத்துக்கு இந்த வீட்டில் மரியாதை என்று பெயர்.

நேரே முன்வாசலுக்குப் போனேன். மாமனார் கதிரையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே கணவர் "ஏய், இரு, இரு" என்று கிசுகிசுத்துக்கொண்டு வந்தார்.

"மாமா, நீங்க திருநீறு போடுறப்பதான் புள்ள எந்திரிக்கிறான். அப்புறம் ராத்திரிக்கும் தூங்குறதில்ல. இனிமே காலையில போட்டு விடுங்க."

பேப்பரைத் தாழ்த்தினார். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார்.

"என்னாலயா எந்திரிக்கிறான்? அவனாத்தான் முழிக்கிறான்னுல நெனச்சேன். இத யாராச்சும் எங்கிட்ட சொல்லக் கூடாதா? சரிம்மா, காலையிலயே போடுறேன்."

அவ்வளவுதான். பேப்பரைத் திரும்ப விரித்தார். மனசு நொந்ததாகவும் தெரியவில்லை, இடி விழுந்ததாகவும் தெரியவில்லை. மாமியார் உள்ளே இருந்து "தேத்தண்ணி ஊத்தவா?" என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து திருநீறு சாமிப் படத்தடியில் விடியும்வரை காத்திருந்தது. பிள்ளை தூங்கினான். நடுவில் பாலுக்கு ஒரு தடவை சிணுங்குவான், குடித்துவிட்டுத் திரும்பவும் தூங்குவான். மாமியார் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். நான் வேலைக்குத் திரும்ப நாள் குறித்தேன். கணவர் நிபுணருக்கு நன்றி சொல்லி நீளமாக எழுதி அனுப்பியிருந்தார், அப்பாவைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை.

வேலைக்குத் திரும்பிய காலை அவரே என்னை மோட்டார் சைக்கிளில் டவுனுக்குக் கொண்டுவந்து பிலிமத்தலாவை பஸ் நிற்கும் இடத்தில் இறக்கிவிட்டார். நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"பாத்தியா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு," என்றார்.

"நான் அந்த வீடியோவப் பாக்காம இருந்திருந்தா புள்ளய அனுப்பியிருப்பீங்களா?"

அவர் ஹெல்மெட் வாரைச் சரிசெய்தார். இல்லை என்று சொல்வார் என்று காத்து நின்றேன். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம்.

"சனிக்கிழம போயிக் கூட்டிக்கிட்டு வந்திருப்போம்ல," என்றார்.