நல்லம்மா ரீச்சரின் ரீலும் வறுத்த அரிசியும்

நல்லம்மா ரீச்சர் இறந்த செய்தி தேற்றாத்தீவிலிருந்து தொலைபேசியில் வந்தபோது நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பேசியவள் அவருடைய தங்கை மகள். "பெரியம்மா இண்டைக்கு விடியக் காலத்தால போயிட்டா சேர். உங்களுக்குத்தான் முதல்ல சொல்லச் சொன்னவ" என்றாள். போகும்போதும் என்னைத் தோற்கடித்துவிட்டுத்தான் போகிறார் என்று நினைத்தேன். அழுகை பிறகுதான் வந்தது.

அவரிடம் மனையியல் படித்தவர்களும் அவரோடு ஆசிரியர் அறையில் தேநீர் குடித்தவர்களும் அவருடைய நல்ல மனதைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதுவீர்கள். எனக்கு அவர்மேல் இருந்தது பொறாமை. அதைத்தான் எழுத வருகிறது.

யுத்தத்தில் பாதை அடிக்கடி மூடப்பட்டதால் பிலிமைக் கொழும்புக்கு அனுப்பிக் கழுவ முடியாத காலம் அது. எங்கள் பள்ளிக்கூடத்தில் வீட்டிலேயே படம் கழுவியவர்கள் நாங்கள் இருவர்தான். பிலிமை இருட்டில் ரீல் என்ற சக்கரத்தில் சுற்றி, வெளிச்சம் புகாத தாங்கிக்குள் மூடிவைத்துத்தான் மருந்து ஊற்றவேண்டும். நான் விஞ்ஞான ஆசிரியர். மருந்துக் கலவையெல்லாம் மனப்பாடம். அவரோ என்னிடம் புத்தகம் இரவல் வாங்கிப் படித்துப் பழகியவர். ஆனால் அவருடைய நெகட்டிவ் துடைத்துவைத்ததுபோல இருக்கும். என்னுடையதில், இருட்டில் ரீலில் சுற்றும்போது மடிந்த இடமெல்லாம் அரைவட்ட வடுக்கள். ஒருநாள் ஏறாவூர்க் கணித ஆசிரியர் அதை ஜன்னலில் தூக்கிப் பார்த்து, "சேர்ர நெகட்டிவில பிறை கண்டாச்சு, நாளைக்குப் பெருநாள்!" என்றார். ஆசிரியர் அறையே சிரித்தது. ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம் தேவைப்பட்டது. அட்டை இல்லாமல் சோதனைச் சாவடி தாண்டுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைகள் வாவியைத் தோணியில் கடந்து வந்தார்கள். இன்னொரு தடவை அவர்களைக் கூப்பிட முடியாது. முப்பது முகங்களையும் ஒரே பிலிமில் எடுத்தேன். நல்லம்மா ரீச்சரும் எடுக்கட்டும் என்று அதிபர் சொன்னதற்கு, தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாமான் அறையைக் கம்பளிகளால் அடைத்துக்கொண்டு பிலிமை ரீலில் ஏற்றினேன். பாதியில் நின்றது. கழற்றி மறுபடி ஏற்றினேன். மறுபடியும் நின்றது. கை வியர்த்து வழிந்தது. விட்டுவிட்டு வெளியே வரவும் வழியில்லை. கதவைத் திறந்தால் முப்பது முகங்களும் போய்விடும்.

"ஒரு மணித்தியாலமா உள்ள என்ன செய்யிறீங்க?" என்றாள் மனைவி.

"திறக்காத! பிலிம் கையில இரிக்கி."

"நல்லம்மா ரீச்சரக் கூட்டி வாறன்."

"அவவக் கூப்பிட வேணாம்!" என்று கத்தினேன். அவள் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் கதவுக்கு வெளியே ரீச்சரின் குரல் கேட்டது. "சேர், சுத்தாம அப்படியே தாங்கிக்குள்ள போட்டு மூடிய இறுக்குங்க. மூடிட்டா வெளிச்சம் போகாதுதானே. பொறகு வெளிய வாங்க."

எவ்வளவு சின்ன யோசனை! எனக்கு வரவில்லை. தோற்றுப்போய் வெளியே வருவதைவிடப் பிள்ளைகளின் படம் கெட்டாலும் பரவாயில்லை என்று உள்ளே நின்றிருக்கிறேன் என்பதுதான் உண்மை.

வெளியே வந்ததும் என் ரீலைத் தடவிப் பார்த்தார். "காலையில கழுவினீங்களா? ஈரம் காயல்ல. ஈரத்துக்குத்தான் பிலிம் ஒட்டும் சேர், உங்களோட அதுக்கொரு கோபமும் இல்ல." பையிலிருந்து ஒரு பால்மா டின்னை எடுத்தார். அடியில் வறுத்த அரிசி. அதன்மேல் துணியில் சுற்றிய அவருடைய ரீல். அப்பளம் நமுத்துப்போகாமல் வைக்கும் முறையாம். "கையத் துடைச்சுக் கொஞ்சம் காத்து வாங்கிட்டுப் போங்க. பிலிம்ட முனையில ரெண்டு மூலையையும் வட்டமா வெட்டிவிடுங்க" என்றார். அவர் உள்ளே வரவில்லை. என் மனைவியோடு இருந்து பலாக்கொட்டை உரித்தார். உள்ளே அவருடைய ரீலில் பிலிம் ஒரே ஓட்டத்தில் ஏறியது. முப்பது முகங்களும் தெளிவாக வந்தன.

அதிபர் காலைக் கூட்டத்தில் என்னைப் புகழ்ந்தார். முதலில் கைதட்டியவர் ரீச்சர். நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் அவர் ரீலைக் கேட்டபோது, விழுந்து உடைந்துவிட்டது என்றேன். பொய். அது என் அலுமாரியில் டின்னோடு இருந்தது. அவரிடம் வேறு ரீல் இல்லை, வாங்கவும் வழியில்லை. காய்ந்துபோன என்னுடையதையாவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. "போகட்டும் சேர்" என்று மட்டும் சொன்னார். அதன்பின் பள்ளிக்கூடப் படமெல்லாம் நான் எடுத்ததுதான். அவர் கமராவைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

வருடங்கள் கழித்து அவர் ஓய்வுபெற்ற நாளில், வாசலில் என்னிடம் விடைபெற்றார். இரண்டடி போய்விட்டுத் திரும்பினார்.

"சேர், அந்த அரிசிய மாத்துறீங்களா? பழைய அரிசி ஈரம் குடிச்சிரும்."

அவ்வளவுதான். கோபமும் இல்லை, குத்தலும் இல்லை.

செத்தவீட்டில், அந்த முப்பது பேரில் ஒருவர் என் கையைப் பிடித்தார். "நீங்க எடுத்த படத்தாலதான் சேர் சாவடியில என்னை விட்டவங்க" என்றார். "நன்றியப் பெட்டிக்குள்ள படுத்திரிக்கிறவக்குச் சொல்லு மனே" என்றேன். நாற்பது வருடத்தில் நான் அவருக்குக் கொடுத்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

ரீல் இப்போதும் என்னிடம் இருக்கிறது. சுற்றுவதற்குப் பிலிம் இல்லை. ஆனாலும் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து வந்த அன்று பழைய அரிசியைக் கொட்டிவிட்டுப் புதிதாக வறுத்தேன். கருகிவிட்டது. அவருடைய பக்குவம் வரவில்லை. அதிலும் எனக்குப் பொறாமைதான், ரீச்சர்.