கொத்தவரங்காய்ப் பச்சை

விருத்தாம்பாள் அக்கா வீட்டுக்குப் பச்சை அடித்த கதையை முள்ளிப்பட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். திமிர் என்பார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்பார்கள். ஒட்டின வீட்டுக்காரி நான். தினமும் அவள் தறிக்கு நூலைத் தார்க்குழலில் சுற்றிக் கொடுத்தவளும் நான்தான். ஆனால் என்னிடம் ஒருத்தரும் வந்து கேட்கவில்லை. கேட்காவிட்டால் போகட்டும், நானே சொல்கிறேன்.

அக்கா சேத்துப்பட்டுப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வரும்போது தறியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அங்கே களை எடுத்துக்கொண்டும் நாற்று நட்டுக்கொண்டும் கிடந்தவள். அவள் புருஷன் சடையப்பன் மாமா நல்ல நெசவுக்காரர். பெண் குழந்தை பிறந்த வருஷம் மாட்டு வண்டி குடை சாய்ந்து அவருக்கு இடுப்பில் அடி. அதற்குப் பிறகு தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டால் அரை மணி நேரம் தாங்காது. தறி கொடுத்த முதலாளி சக்கரவர்த்தி, அதைப் பிரித்து எடுத்துப்போக ஆரணியிலிருந்து ஆளையே அனுப்பிவிட்டார். இடுப்பில் குழந்தையோடு நின்றவள், "நிறுத்துங்க, நான் உட்கார்றேன்" என்று குழியில் இறங்கினாள். இறங்கினவள் இறங்கினவள்தான். எழுந்தால் அடுப்பு, உட்கார்ந்தால் தறி. பெண் வளர்ந்து கலசப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். அப்போதும் அக்கா குழியில்தான் இருந்தாள். முதலாளி வீட்டில் பட்டும், தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவும் வாங்கி வருவது, நெய்த புடவையைக் கொண்டுபோய்க் கொடுப்பது, வருகிறவர் போகிறவரிடம் எங்க நெசவு என்று பீற்றிக்கொள்வது, இதெல்லாம் மாமா வேலை.

எழுபத்தெட்டு, எழுபத்தொன்பதாம் வருஷத்திலேயே அவளுக்கு உடம்பு விட்டுப்போயிற்று. முதுகு வலி, கால் வீக்கம், எல்லாவற்றுக்கும் மேல் கண். "கண்ணு எரியுதுடி சாவித்திரி, மணல அள்ளிப் போட்டா மாதிரி கீது" என்பாள். தறியில் குனிந்த தலை நிமிர்ந்தால் எதிரே இருப்பது ஒரு சுவர்தான். ஜன்னலுக்கு வெளியே பார்க்கலாமென்றால் அடுத்த வீட்டுச் சுவர். மரம் செடி என்று ஒன்று கிடையாது.

அந்தப் பொங்கலுக்கு மாமா சுண்ணாம்பு அடித்தார். அடித்து முடித்து வாளியைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாய்யா அடிச்சிகீற? மஞ்சளா, அழுக்கா கீது!"

"பால் மாதிரி கீது. உனக்கு அழுக்கா?"

"பழைய வேட்டி மாதிரி கீதுய்யா."

மாமாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இன்னொரு கை அடித்தார். அப்போதும் அழுக்கு என்றாள். களைத்துப்போனவள் எரிந்து விழுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் பாட்டை நான் பட்டிருந்தால் வாளியை எடுத்து அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

பிறகு ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு ஆரணி பஸ் ஏறினாள். பெயிண்டுக் கடையில் கலர் அட்டையைக் கொடுத்தார்கள். அதை மூக்கோடு ஒட்டிவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அட்டையில் பச்சையே பல தினுசு இருந்தது. கரும்பச்சை வேண்டாம், வீடு இருட்டாகிவிடும் என்றாள். வெளிர்ப்பச்சையும் வேண்டாம், அது கண்ணில் நிற்கவில்லை என்றாள். நடுவில் ஒன்றில் விரலை வைத்தாள்.

"இது கொத்தவரங்காய்ப் பச்சை. இதக் குடுங்க."

கடைக்காரர் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார். "பேரு இன்னாவோ இருக்கட்டும், காய் அதுதான்" என்றாள். சிரிக்காத மனுஷி அன்று சிரித்தாள்.

முதலில் தெருக்கதவு பச்சையானது. அப்புறம் ஜன்னல் கம்பி, சமையலறை அலமாரி, சாமி மாடம். மிச்சமிருந்ததை அரிசி டின் மூடிக்கும் பூசிவிட்டாள். "என்னையும் ஒரு ஓரமா நிக்க வெச்சி அடிச்சிடு" என்று மாமா கிண்டல் செய்தார். அது வரைக்கும் யாருக்கும் ஒன்றுமில்லை. கடைசியில் தறிக்கு எதிர்ச்சுவருக்கு வந்தாள். அங்கேதான் வம்பு.

பட்டுத் தறி இருக்கும் அறைக்குக் கலர் அடிக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. சுவர் வெள்ளையாக இருந்தால்தான் வெளிச்சம் அப்படியே பட்டின் மேல் விழும், நிறம் உள்ளபடி தெரியும். கலர்ச்சுவர் என்றால் அந்தச் சாயல் பட்டில் ஏறி ஏமாற்றும் என்பார்கள். மாமா தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். அக்கா காதிலேயே வாங்கவில்லை. அவளே ஏணி போட்டு ஏறி அடித்து முடித்தாள். அடுத்த நாள் தறியிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "அப்பாடி" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயில் அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு பச்சைப் புடவை முடித்து, அடுத்து நீலப் புடவை நெய்துகொண்டிருந்தாள். குறுக்கே ஓடும் இழையைச் சின்னச் சின்னத் தார்க்குழலில் சுற்றி நான் டப்பாவில் போட்டுவைப்பேன். அவள் எடுத்து, இழையை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவில் மாட்டிக்கொள்வாள். பழைய புடவையில் மீந்த பச்சைத் தாரும் அதே டப்பாவில் ஒரு பக்கமாகக் கிடக்கும். இது எல்லாத் தறி வீட்டிலும் உள்ளதுதான். பச்சை எது நீலம் எது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

நெய்து முடித்த நீலப் புடவையை மாமா ஆரணிக்கு எடுத்துக்கொண்டு போனார். முதலாளி வாசல் வெளிச்சத்தில் பிரித்துப் போட்டவர், "இன்னாய்யா இது? கொளத்துல பாசி புடிச்சா மாதிரி!" என்று கத்தினாராம். புடவையின் உடலில் நடுவே ஒரு சாண் அகலத்துக்குப் பச்சை இழை ஓடியிருந்தது.

மாமா திரும்பி வந்து நேராக என் வீட்டு வாசலில் நின்றார். "தார மாத்திப் போட்டியாடி?" என்றார். தெருவே பார்க்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என் கண்ணு இன்னா பொட்டையா? நீலம்னா நீலம்தான் சுத்தினேன், பச்சை மேல என் கையே படல!" என்று பதிலுக்குக் கத்தினேன். அக்காதான் நடுவில் வந்து, "அவளச் சொல்லாதய்யா" என்றாள். ஆனால் பச்சை எப்படி வந்தது என்று அவளுக்கும் தெரியவில்லை. நீலத்தைத்தானே எடுத்து மாட்டினேன், நீலத்தைத்தானே மாட்டினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பச்சைச் சுவர் விஷயம் முதலாளி காதுக்குப் போனதும் எல்லோருக்கும் பதில் கிடைத்துவிட்டது. "தறிக்கு எதிர்ல பச்சை அடிச்சி வெச்சா நீலம் எப்டிய்யா நீலமா தெரியும்? மொதல்ல அந்தச் சுவத்த அழி. அழிச்சாதான் பாவு. இல்லன்னா தறியப் பிரிச்சிகினு போறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தறி சும்மா நின்றது. வீட்டில் ஒரே பேஜார். அக்கா ஒரே பிடியாக நின்றாள்.

"அதுல கைய வெச்சா நான் குழியில எறங்க மாட்டேன். இத்தினி வருஷமா ஒழைச்சிகீறேன், நிமிர்ந்து பாக்க எனக்குன்னு ஒரு சுவர் கூடவா இருக்கக் கூடாது?"

மாமாவால் நெய்ய முடியாது, அவளை விட்டால் தறியில்லை, தறியில்லாமல் சோறில்லை. இது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தச் சமயம் பார்த்து சேத்துப்பட்டில் அக்காவின் அம்மா செத்துப்போனாள். சாவுக்குப் போனவள் கருமாதி முடியும்வரை அங்கேயே தங்கிவிட்டாள். மாமா எடுத்தார் வாளியை. முதல் கை சுண்ணாம்புக்குள்ளிருந்து பச்சை எட்டிப் பார்த்தது. இரண்டாம் கைக்கும் அப்படியே. "வெறும் வெள்ளையா இருந்தா மறுபடியும் அழுக்குன்னு சொல்லுவா" என்று நீலப் பொடியைக் கலந்தார். மனுஷனுக்கு எதிலும் அளவு கிடையாது. பொட்டலம் பொட்டலமாகக் கொட்டியதில் சுவர் கெட்டி நீலமாகிவிட்டது.

"மாமா, அக்கா வந்தா உங்கள உரிச்சி உப்புத் தடவிடும்" என்றேன்.

"வெள்ளை இல்லன்னா நீலம், பச்சை மட்டும் ஆவாதுன்னுட்டாரு மொதலாளி. அவ இன்னா திட்டினாலும் வாங்கிக்கிறேன். பச்சைய அழிச்சதும் நீலப் புடவைக்குப் பாவு வந்துடுச்சில்ல, அது போதும்" என்றார்.

அக்கா மத்தியான பஸ்ஸில் வந்தாள். முகம் வீங்கி, நடை தள்ளாடியது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு நேரே தறி அறைக்குப் போனாள். பின்னாலேயே போய் நின்றேன். மாமா கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் மெல்லக் குழியில் இறங்கி, காலை நீட்டி, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

"பாத்தியா சாவித்திரி உங்க மாமாவ? வாய்தான் நீளம். தொடவே இல்ல பாரு. என் பச்சை அப்டியே கீது."

கேலி செய்கிறாளோ என்று முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். சுவரில் நீலம் பட்டப்பகலில் பளீரென்று இருக்கிறது. அவளுக்கு அது பச்சை.

மாமா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்தப் புடவையில் ஒரு சாண் பச்சை எப்படி வந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நிமிஷம் விளங்கிவிட்டது. அவள் கண்ணுக்கு நீலமும் பச்சையும் ஒன்றாகிவிட்டிருந்தது; சுவர் ஒரு பாவமும் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. என் மேல் விழுந்த பழி போகவேண்டும் என்று அத்தனை நாளாகச் சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். இப்போது, ஐயோ, நானே தாரை மாற்றிப் போட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது.

"வுட்டுட்டேன்டி. உன் ஆசைய ஏன் கெடுக்கணும்" என்றார் மாமா.

"மொதலாளி கேட்டா?"

"நான் பேசிக்கிறேன்."

"அம்மா கருமாதியில கூட எனக்கு இதே நெனப்புதான்யா. எங்க அழிச்சிட்டியோ, எங்க அழிச்சிட்டியோன்னு." அவள் கையை டப்பாவுக்கு நீட்டினாள். "சாவித்திரி, அந்தத் தார எடு. ஜல்தியா ஆரம்பிச்சாதான் ஆடிக்குள்ள முடியும். இப்பதான் கண்ணுக்குக் கொஞ்சம் ஆறுதலா கீது."

நான் ஒரு நீலத் தாரை எடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நீலம்தானா என்று பார்த்து, அவள் உள்ளங்கையில் வைத்தேன். மாமா கொல்லைப் பக்கம் போய்விட்டார். தறி ஓட ஆரம்பித்தது. எனக்கு வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது. அவளோ நிமிர்ந்து நிமிர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே நெய்தாள்.